கோப்பியும் தேயிலையும்

காலையில் எழுந்ததும் ஒரு கோப்பைத் தேநீர் பருகாது அன்றைய கருமங்களைத் தொடங்குவோர் இலங்கையில் இன்று மிகச் சிலரே. வீட்டுக்கு வந்தவரிடம் சுகம் விசாரித்து முடிவதற்கு முன்னரே அடுப்பிற் கேத்தல் ஏறிவிடுகின்றது. வயலிற் பாடுபடுவோனும், கந்தோரிற் பணிபுரிவோனும், பரீட்சைக்கு இரவு விழித்திருந்து படிக்கும் மாணவனும் இதன் துணையை நாடுகின்றனர். இப்பழக்கம் தொன்றுதொட்டு இந்நாட்டில் நிலவி வந்ததென எண்ணுவது இயல்பே. ஆயினும் 1870ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வெளிநாட்டுச் சந்தைக்குச் சென்ற தேயிலை ஓர் இறாத்தல்தானும் இல்லை. அக்காலத்தில் இலங்கையின் பெயரை உலகச் சந்தையில் விளங்கவைத்த பொருள் கோப்பியேயாகும்.

ஒரு நாட்டு மக்கள் ஒரு பானத்தை விரும்புவர். விரும்புவதால் அதனைப் பயிரிடுவர். இதுவே பொதுவாக எதிர்பார்க்கப்படும் முறை. இலங்கையிலோ இம்முறை தலைகீழாக நிகழ்ந்தது. முதலில் மலைச்சரிவுகளின் பயிர் மாறியது. அப்பயிர் மாற்றத்தால் அங்கு உழைத்தவர்களின் வாழ்க்கை மாறியது. நாவின் சுவை கடைசியாகவே மாறியது. பயிர் மாறுவதற்குக் காரணமாயிருந்ததோ கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்ணுயிர். இவ்வரலாற்றினை முறையாக நோக்கின், தேநீர் மீது இன்று கொண்டுள்ள விருப்பம் எத்தனை பேருடைய இழப்பின் மேலும் உழைப்பின் மேலும் எழுந்ததென்பது புலனாகும்.

கோப்பியின் எழுச்சி

கோப்பிச்செடியை இலங்கைக்கு அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே இச்செடி சிங்களக் கிராமங்களிற் காணப்பட்டது. எனினும், கிராமத்தவர் அதன் இளந்தளிரைக் கறிக்கும், வெண்ணிற மலரை விகாரை வழிபாட்டுக்கும் பயன்படுத்தினரேயன்றிக் கொட்டையிலிருந்து பானம் ஆக்கும் முறையைக் கைக்கொள்ளவில்லை எனச் சேர் எமேசன் தெனன்ற் 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலிற் குறித்துள்ளார். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டிற் கரையோரத் தாழ்நிலங்களிற் கோப்பியைப் பயிரிட முயன்றனர். அம்முயற்சி சிறக்கவில்லை. குளிர்ந்த மலைச்சரிவை விரும்பும் செடிக்கு வெப்பம் மிகுந்த கரையோரம் ஏற்றதாகாது. மலைநாடோ அப்பொழுது கண்டியரசன் ஆட்சியில் இருந்தது.

1815இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1821இற் பேராதனையில் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. 1824இல் ஜோர்ஜ் பேட் என்பார் கம்பளைக்கு அண்மையிற் கோப்பித் தோட்டமொன்றைத் தொடங்கினார். அவ்வாண்டு முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பாண்ஸ் பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டம் அமைத்தார். கோப்பி நிலங்களுக்கு வரிவிலக்கும் அளித்தார். கொழும்பையும் கண்டியையும் இணைத்த பெருந்தெரு இவர் காலத்தில் அமைந்தது. படை நடமாட்டத்துக்கென எண்ணி வகுக்கப்பட்ட பாதை கோப்பி மூட்டைகளை ஏற்றிய மாட்டுவண்டிகளுக்கும் பாதையாயிற்று.

இவையனைத்தும் தொடக்கமே. கோப்பியின் பெருவளர்ச்சிக்குரிய காரணங்கள் கடல் கடந்த நாடுகளில் இருந்தன. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1834இல் நீக்கப்பட்டபின், அடிமைகளின் உழைப்பில் நிலைபெற்றிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி விளைவு வீழ்ச்சியுற்றது. 1835இல் கீழைத்தேசக் கோப்பி மீதான சுங்கவரி மேற்கிந்தியக் கோப்பியின் வரிக்குச் சமமாக்கப்பட்டது. ஆகவே இலங்கைக் கோப்பிக்கு இலண்டன் சந்தையின் வாயில் அகலத் திறந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய நிலங்களென வகுத்தது. அந்நிலங்களை ஆங்கிலேய உத்தியோகத்தர்களும் படைத்தலைவர்களும் குறைந்த விலைக்கு வாங்கிக் காடழித்துக் கோப்பி நாட்டினர். 1867இற் புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. 1870இல் ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைத் தாண்டிற்று. கிராமத்துச் சிங்கள மக்களும் தத்தம் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பியை வளர்த்து விற்றுப் பணங்கண்டனர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. கோப்பிப் பழத்தை வீட்டு முற்றத்திலேயே உலர்த்தி வைத்து வியாபாரியிடம் கொடுத்துவிடலாம். பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை.

பருவத்துக்கு வந்தவர்கள்

கோப்பிப் பழம் ஆண்டில் ஒரு குறித்த பருவத்திற் கனிவது. ஆவணி தொடங்கிக் கார்த்திகை வரை பழம் பறிப்பதற்கு மிகப் பலர் தேவைப்பட்டனர்; ஏனைய மாதங்களில் அத்துணைப் பேருக்கு வேலையில்லை. தமக்கென வயலும் தோட்டமும் உடைய கண்டிக் கிராமத்தவர் அற்ப கூலிக்காக அவற்றைக் கைவிட்டு வர விரும்பவில்லை. எனவே தோட்டத் துரைமார் தென்னிந்தியாவை நோக்கினர். இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் ஆகிய பகுதிகளில் வறட்சியாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நலிந்திருந்தோர் கங்காணிமாரின் சொல்லை நம்பிப் புறப்பட்டனர்.

அவர்கள் வந்த வழி எளிதானதன்று. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நூறு மைலுக்கும் மேற்பட்ட வறண்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்மையும், காய்ச்சலும், வாந்திபேதியும் அவ்வழியிற் பலரை மாய்த்தன. தப்பி வந்தோர் பழம் பறித்து முடித்துத் தைப்பொங்கலை அடுத்து வரும் நெல்லறுவடைக்குத் தம் ஊருக்குத் திரும்ப முயன்றனர். வருவதும் போவதுமாகவே அவர்கள் வாழ்வு கழிந்தது. கோப்பி அவர்களைப் பருவத்துக்கு அழைத்தது. பருவம் முடிந்ததும் விடைகொடுத்து அனுப்பியது. மலைநாட்டில் அவர்களுக்கு வேலையிருந்தது, ஊர் இருக்கவில்லை.

இலைத்துரு நோய்

1869ஆம் ஆண்டில் ஊவாப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமையிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. அப்புள்ளிகள் நாளடைவிற் பெருத்துச் செம்மஞ்சள் நிறமான தூளை உகுத்தன. இரும்பிற் படியும் துருவையொத்திருந்தமையால் இஃது இலைத்துரு எனப் பெயர் பெற்றது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெயிற்ஸ் என்பார் நோயுற்ற இலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்கிளி என்னும் பங்கசு நூல் வல்லாருக்கு அனுப்பினார். அவர் அவ்வாண்டிலேயே அப்பங்கசுக்கு எமிலேயா வத்தாற்றிட்சு எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி அழிவு செய்வது எனப் பொருள்படும். அப்பெயர் பின்னர் மெய்யாயிற்று.

இந்நோய் செடியை ஒரே நாளிற் கொல்வதில்லை. இலையில் ஈரம் படிந்திருக்கும்பொழுது பங்கசின் வித்தி முளைத்து, இலைவாய் வழியே உள்ளே புகுந்து, இலையின் உயிர்ச்சத்தை உண்டு வளர்கின்றது. பின்னர் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பல்லாயிரம் புதிய வித்திகள் வெளிப்பட்டுக் காற்றிற் கலக்கின்றன. நோயுற்ற இலை உதிர்கின்றது. செடிக்கு உணவு சமைக்கும் இடம் இலையேயாதலின், இலையிழந்த செடி தன் கிளைகளில் உள்ள பழத்தைப் போற்றி வளர்க்க மாட்டாது. ஆண்டுக்காண்டு விளைவு குன்றிச் செடியும் நலிந்து ஈற்றில் மடிகின்றது.

நோய் இவ்வாறு மெல்ல வந்தமையே பெரும் ஏமாற்றத்துக்கு இடந்தந்தது. 1870களில் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்து சென்றது. விளைவு குறைந்தபொழுதும் விலையேற்றத்தால் வருவாய் குறையவில்லை. ஆதலால் துரைமார் டிம்புள, டிக்கோயா, மஸ்கெலியா முதலிய உயர்நிலக் காடுகளையும் வெட்டிப் புதிய தோட்டங்கள் அமைத்தனர். 1878ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் கோப்பி பரந்திருந்தது. நோய் பரவிய அதே பத்தாண்டிற் பயிரும் பரவியதென்பது வியப்புக்குரியது. மண் வளங்குன்றியதே காரணமெனச் சிலரும், பருவமழை பிழைத்ததே காரணமெனச் சிலரும் கூறிக் காலம் போக்கினர். கந்தகத்தூளும் சுண்ணாம்பும் தூவிப் பார்க்கப்பட்டன, பயன் விளையவில்லை.

1880இல் மார்ஷல் வாட் என்னும் இளம் தாவரவியலார் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி இலங்கைக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளாக அவர் செய்த ஆராய்ச்சி, நோய்க்குக் காரணம் பங்கசே என்பதையும், அதன் வித்தி காற்றாற் பரவுவதையும், இலைவாய் வழியே நுழைவதையும் ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. அவர் கூறிய மற்றொரு கருத்து அதனினும் ஆழமானது. மலைக்கு மலை தொடர்ச்சியாக ஒரே செடியை நட்டமையால் நோய்க்கு இடையறாத உணவும் காற்றுக்குத் தடையற்ற வழியும் அமைந்தன. இடையிடையே காடும் வேறு மரங்களும் நின்றிருப்பின் பரவுதல் இத்துணை விரைவாக நிகழ்ந்திராது. இவ்வுண்மை தெரியவந்தபொழுது காலம் கடந்துவிட்டது. தாவர நோயியலின் வரலாற்றில் இவ்வாராய்ச்சி சிறப்பிடம் பெற்றது, கோப்பியோ பிழைக்கவில்லை.

வீழ்ச்சி தோட்டங்களோடு நிற்கவில்லை. கோப்பியை நம்பிப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி 1884இல் முறிந்தது. அவ்வங்கியின் நாணயத் தாள்களே நாட்டிற் பெரிதும் வழங்கின. அவை பயனற்றுப் போகாதவாறு தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அரசாங்கத்தின் பொறுப்பை அளித்தார். அவ்வாண்டிலேயே அரசாங்கம் தானே நாணயத் தாள் வெளியிடும் முறையும் ஏற்பட்டது. துரைமார் பலர் தோட்டங்களைக் கைவிட்டுக் கப்பலேறினர். ஊதியம் பெறாத தொழிலாளரும், வீட்டுத் தோட்டக் கோப்பியை இழந்த கிராமத்தவரும் ஏறிச் செல்ல வேறு கப்பல் இருக்கவில்லை. பட்டுப்போன கோப்பிமரத் தண்டுகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுத் தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்றும் கூறப்படுவதுண்டு.

தேயிலையின் வருகை

கோப்பி சரிந்தவுடன் யாவரும் தேயிலையை நாடினர் எனக் கருதுவது தவறாகும். இடையிற் கொயினா மரம் அவர்கள் மனத்தைக் கவர்ந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா இம்மரப்பட்டையிலிருந்து பெறப்படுவது. 1861இல் ஹக்கலைப் பூங்காவில் இம்மரம் நாட்டப்பட்டிருந்தது. கோப்பி நலியத் தொடங்கியதும் பலர் இதனை விரைந்து நாட்டினர். எல்லோரும் ஒருங்கே நாட்டியமையால் 1880களின் நடுவிற் பட்டை சந்தையில் மலிந்து விலை வீழ்ந்தது. ஒரு பயிரை நம்பிக் கெட்டவர்கள் மற்றொரு பயிரையும் அவ்வாறே நம்பினர்.

தேயிலைச் செடி இதற்கு நெடுங்காலம் முன்னரே இலங்கையில் இருந்தது. 1824இற் சீனச் செடிகளும் 1839இல் அசாமியச் செடிகளும் பேராதனைக்கு வந்தன. 1841இற் புசல்லாவையிலுள்ள றொத்சைல்ட் தோட்டத்தில் வோம்ஸ் சகோதரர் சீனத் தேயிலையை நட்டனர். ஆயினும் கோப்பி இலாபம் ஈட்டித்தந்த காலத்தில், செலவு மிகுந்த இப்புதுமுயற்சியை எவரும் பொருட்படுத்தவில்லை.

இதனைப் பொருட்படுத்தியவர் ஜேம்ஸ் தெயிலர். 1835இல் ஸ்கொத்லாந்தில் எளிய குடும்பமொன்றிற் பிறந்து, 1852இற் பதினேழாவது வயதளவில் இலங்கைக்கு வந்த இவர், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தை நிருவகித்தார். 1867இல் அங்கு 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். இலைத்துரு வெளிப்பட்ட 1869ஆம் ஆண்டுக்கு இரண்டாண்டு முந்தியது இது. பறித்த கொழுந்தைத் தம் பங்களா விறாந்தையில் மேசைமேல் இட்டுக் கையால் உருட்டுவித்து, கரியடுப்பின் மேல் உலர்த்திப் பக்குவம் கண்டார். 1872இல் இயந்திர வசதியுள்ள தொழிற்சாலையொன்றை அமைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. நாற்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் வாழ்ந்த இவர் 1892இற் காலமாகிக் கண்டி மகியாவை மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். ஆபத்து வருமுன்னரே ஆயத்தமாயிருந்த ஒருவரின் பொறுமையான முயற்சி, ஆபத்து வந்தபின் ஒரு நாட்டுக்குக் கைகொடுத்தது.

அவர் காட்டிய வழியைப் பின்னர் பலரும் பின்பற்றினர். 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த தேயிலை நிலம் 1895இல் ஏறத்தாழ 300,000 ஏக்கராகியது. 1883இற் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1885இற் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. 1890இல் ஏற்றுமதி 4½ கோடி இறாத்தலை எட்டியது. 1900இல் 14 கோடி இறாத்தலைக் கடந்தது. 1890இல் இங்கு வந்த சேர் தோமஸ் லிப்ரன் தம்பதென்ன முதலிய தோட்டங்களை வாங்கி, இடைத்தரகரை விலக்கிச் சிறு பொதிகளாகத் தம் கடைகளில் விற்று, இலங்கைத் தேயிலையை எளிய குடும்பங்களின் அடுக்களைவரை கொண்டு சென்றார்.

தேயிலை வென்ற காரணம்

இவ்வெற்றிக்குரிய காரணங்கள் சிலவற்றை நோக்குதல் தகும். முதலாவது, எமிலேயா கோப்பிச் செடியின்றி வாழாதது. தேயிலையில் அது தொற்றுவதில்லை. இரண்டாவது, கோப்பி ஒரு குறித்த உயரத்திலேயே நன்கு விளையும். தேயிலையோ காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்நிலம் முதல் நுவரெலியாவின் 6,000 அடி உயரம்வரை வளர்கின்றது. மூன்றாவது, கோப்பியின் விளைவு பழம். தேயிலையின் விளைவு இலையே. செடியைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தினால் அது மீண்டும் மீண்டும் தளிர்க்கின்றது. சீனத்திலும் அசாமிலும் குளிர்காலத்திற் செடி உறங்கும். இலங்கை மலைகளில் அது பன்னிரண்டு மாதமும் கொழுந்து தருகின்றது.

நான்காவது காரணம் சந்தை. இலங்கைக் கோப்பி அழிந்தமையாலேயே ஆங்கிலேயர் தேநீருக்கு மாறினர் எனப் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். இது பொருந்தாக் கூற்று. இலண்டனிற் கோப்பிக் கடைகள் செழித்த காலம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியுமாகும். 1784இற் பிரித்தானியப் பாராளுமன்றம் தேயிலை வரியை நூற்றுக்கு நூறுக்கும் மேலிருந்து 12½ வீதமாகக் குறைத்தபின், தேநீர் அந்நாட்டுச் சாமானியரின் பானமாயிற்று. ஆகவே இலைத்துரு தோன்றுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே அவர்கள் தேநீருக்குப் பழகிவிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த மாற்றம் வேறு. அதுவரை சீனத் தேயிலையைப் பருகியவர்கள் இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் சாயம் மிகுந்த தேயிலைக்கு மாறினர். கோப்பியை இழந்த இலங்கைக்கு வேண்டிய சந்தை ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தது.

ஆண்டு முழுவதும் வேண்டியவர்கள்

தேயிலையின் இயல்பு தொழிலாளர் வாழ்விலும் பெரு மாற்றத்தை விளைவித்தது. கொழுந்து முற்றிவிடின் தரம் கெடும். ஆகையால் ஏழு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை ஒவ்வொரு மலையிலும் கொழுந்தெடுத்தாக வேண்டும். இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து அன்றே தொழிற்சாலையை அடைய வேண்டும். அங்கு வாட்டி, உருட்டி, காற்றுப்படப் பரப்பி நிறமேற்றி, சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தாலன்றி அது தேயிலைத் தூளாகாது. எனவே தேயிலைக்கு வேண்டியவர்கள் பருவத்துக்கு வந்து போவோர் அல்லர். ஆண்டு முழுவதும் அருகிலிருப்போர். கொழுந்தெடுக்கப் பெண்களும், கவ்வாத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆண்களும் தேவைப்பட்டமையால் தனி ஆடவருக்குப் பதிலாகக் குடும்பங்கள் வந்தன. ஓர் அறையும் ஒரு சிறு விறாந்தையும் கொண்ட லயங்களில் அக்குடும்பங்கள் தங்கின. அங்கே பிள்ளைகள் பிறந்தனர். மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. ஆடித்திருவிழாவும் காமன்கூத்தும் மலைகளில் ஒலித்தன. கோப்பிக் காலத்து வழிப்போக்கர் தேயிலைக் காலத்திற் குடிமக்களாயினர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் தனிப்பிரிவாகக் கணிக்கப்பட்டபொழுது அவர்கள் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஆயினும் நிலைத்து வாழ்ந்தமை உரிமையைக் கொணரவில்லை. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த துண்டு, தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடனோடு சேர்த்து மாற்றும் கருவியாயிருந்தது. 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சுதந்திரம் பெற்ற ஆண்டாகிய 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாக வகுத்து, 150,000 பேரைப் பற்றிய முடிவைப் பின்போட்டது. இங்கு எஞ்சியிருந்த நாடற்றவர் சட்டப்படி குடிமக்களானது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலாகும். தேயிலைச் செடி இந்நாட்டில் வேரூன்றியதை ஒருவரும் ஐயுறவில்லை. அச்செடியோடு வேரூன்றியவர்களை ஏற்றுக்கொள்ள அரைநூற்றாண்டுக்கு மேற் சென்றது.

நாவின் மாற்றம்

பயிர் மாறிப் பல்லாண்டு கழிந்த பின்னரும் இலங்கையர் பலருக்குத் தேநீர் அயலார் பானமாகவே இருந்தது. தேயிலை ஏற்றுமதிக்கென விளைந்தது. கோப்பியோ வீட்டில் இருந்தது. வடபகுதியிற் கோப்பிக் கொட்டையை மல்லியோடும் சுக்கோடும் வறுத்து, உரலில் இடித்து, பனங்கட்டி சேர்த்துப் பருகும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. தடிமன் காய்ச்சல் கண்டவர்க்கு அதுவே கைகண்ட மருந்தாகவும் கருதப்படுகின்றது.

எனினும் தேநீர் மெல்ல மெல்ல வென்றது. அதற்கு வறுத்தலும் இடித்தலும் வேண்டா. ஒரு சிட்டிகைத் தூளும் கொதிநீரும் போதும். பாலில்லாத வீட்டிலும் வெறுந்தேநீர் உண்டு. சீனியில்லாத வீட்டிற் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பருகலாம். மலிவும் எளிமையும் சேர்ந்த பானத்தை வறியவர் ஏற்பது இயல்பு. 1930களின் உலகப் பொருளாதார மந்தமும் வணிகரின் கண்ணைப் புதிய நுகர்வோர் பக்கம் திருப்பியது. தேயிலை மிகையாக விளைந்து விலை வீழ்ந்தமையால், 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டது. 1933இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையும் ஏற்பட்டது. இந்தியாவில் 1903இல் விதிக்கப்பட்ட தேயிலைத் தீர்வையைக் கொண்டு, தேநீர் அறியாத மக்களுக்கு அதனைப் பழக்கும் பிரசாரம் புகைவண்டி நிலையங்கள் வரை நடைபெற்றது. விளைத்தவர்கள் விற்க வேண்டியிருந்தமையால் பருகுவோர் உண்டாக்கப்பட்டனர். இன்று தேத்தண்ணீர் என்றும், வெறுந்தேநீர் என்றும், மலையகத்திற் சாயத்தண்ணி என்றும் பலவாறு வழங்கும் இப்பானம், நாட்டின் எப்பகுதிக்கும் எம்மொழியினர்க்கும் பொதுவான மிகச் சிலவற்றுள் ஒன்றாயிற்று.

வரலாறு உணர்த்துவது

கோப்பியின் அழிவு தந்த பாடம் முற்றாக வீணாகவில்லை. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1946இல் தேயிலை இலையிற் கொப்புள நோய் தோன்றியபொழுது, 1869இன் நினைவு பலரையும் நடுங்கச் செய்தது. ஆயினும் இம்முறை நோயின் இயல்பை ஆராயவும் செம்பு சேர்ந்த மருந்தைத் தெளிக்கவும் அறிஞர்கள் ஆயத்தமாயிருந்தனர், தேயிலை தப்பியது. இலைத்துருவோ தன் பயணத்தை நிறுத்தவில்லை. சாவா, தென்னிந்தியா முதலிய இடங்களுக்குப் பரவி, 1970இற் பிரேசிலிலும் காணப்பட்டது. ஒரே பயிரை நம்பும் நாடு ஒரே நூலிற் கட்டிய பாரத்தைப் போன்றது என்பதை உலகின் பல பகுதிகளும் கற்க வேண்டியிருந்தது.

மற்றொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. கோப்பி அழிந்தபொழுது தம் வீட்டுத் தோட்டப் பயிரை இழந்த கிராமத்தவர், தொழிற்சாலையின்றித் தேயிலை செய்ய இயலாமையால் நெடுங்காலம் அத்தொழிலின் புறத்தே நின்றனர். இன்று நிலைமை வேறு. நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதியை இப்பொழுது சிறுதோட்ட உடைமையாளரே விளைவிக்கின்றனர். அவர்தம் கொழுந்தை அண்மையிலுள்ள தொழிற்சாலைகள் வாங்குகின்றன.

ஒரு பானத்தின் மீது கொள்ளும் விருப்பம் குற்றமன்று. அது வளர்வதும் இழுக்கன்று. ஆனால் விருப்பம் அறிவோடு கூடியதாய் இருத்தல் வேண்டும். மன்னார்க் காட்டுவழியில் வீழ்ந்தவர்கள், இலையுதிர்ந்த கோப்பி மரத்தைப் பார்த்துக் கலங்கிய கிராமத்தவர், விறாந்தை மேசையிற் கொழுந்துருட்டிய கைகள், பனி விலகு முன்னரே கூடையைத் தலையிற் கொழுவி மலையேறும் பெண்கள் ஆகிய இவர்கள் அனைவரின் வாழ்வும் ஒரு கோப்பைத் தேநீரில் கலந்துள்ளது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்தல் தமிழர் மரபு. தேயிலை தந்தவர்களையும் அவ்வாறே நினைத்தல் அம்மரபுக்கு ஏற்றதாகும். நினைப்பதோடு அமையாது, அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வியும், உறைவதற்கு உறுதியான வீடும், உரிமையுள்ள நிலமும் கிடைக்கத் துணைநிற்பதே அந்நினைவின் பயனாகும்.